தூசியே இல்லாத சுண்ணாம்புக் காளவாய்

1. மூன்று ‘இல்லை’

வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரமே ஒரு மனிதருடைய காளவாயை டைப்ரைட்டரில் இழுத்து மூடிவிட்டேன். அதிகாரி சொன்னார், நான் தட்டினேன். ‘சுண்ணாம்பு. உற்பத்தி: இல்லை. இருப்பு: இல்லை. எரியும் சூளை: இல்லை.’ அந்த மூன்று ‘இல்லை’யையும் நாங்கள் எப்படித் திரும்ப வாங்கினோம் என்பதுதான் இந்தக் கதை. பிற்பாடு எத்தனையோ கணக்கெடுப்புகளில் வேலை செய்துவிட்டேன். ஆனால் இளையவர்கள் யாராவது ‘உங்கள் சர்வீஸில் பெரிய வெற்றி எது?’ என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அது ஐம்பத்தேழாம் வருடம். மலாயாவின் சுதந்திரத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. மலாக்காவில் ஏணி சாத்தாத சுவர் இல்லை. கடை, பள்ளிக்கூடம், கோயில், கோர்ட்டுக் கச்சேரி என்று எல்லா இடத்திலும் வெள்ளையடிப்பு. அந்த நேரத்தில்தான் கனிமக் கணக்கெடுப்புக்காக காஜா பேராங் சடக்கில், அதாவது ரோட்டில், ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்துத் தற்காலிக ஆபீஸ் போட்டார்கள். என் பெயர் சுப்பையா. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். டவுனுக்குப் புதுசு. டைப்பிங் தெரியும், மலாய் தெரியும், சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதால் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை கொடுத்தார்கள்.

கனிமம் என்றால் தங்கமும் ஈயமும்தான் என்று அப்போது எல்லோரும் நினைத்தார்கள். நான் அறை எடுத்திருந்த வீட்டுக்காரர் முதல் நாளே கேட்டார்.

“ஈயமா தம்பி, தங்கமா?”

“ரெண்டும் இல்லீங்க. மணல், கல்லு, களிமண்ணு, சுண்ணாம்பு.”

“மண்ணுக்கு ஒரு ஆபீஸா? நல்லா இருக்குலா உங்க கவர்மெண்டு!”

அவர் சிரித்தாலும் விஷயம் சிரிப்பு இல்லை. புதிய நாடு வீடு கட்டப்போகிறது, ரோடு போடப்போகிறது. எங்கே என்ன தோண்டுகிறார்கள், எங்கே சுடுகிறார்கள், யார் வாங்கி எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிய வேண்டும். அதனால் எங்கள் வேலை இரண்டு பாகம். உற்பத்தி என்பது அதிகாரியின் பாகம். பயன்பாடு என்பது என் பாகம், அதாவது சைக்கிளின் பாகம். எங்கள் அறிக்கையில் ஒரு பிரதி நில ஆபீஸுக்குப் போகும். உற்பத்தி நடக்காத இடம் என்று நாங்கள் எழுதினால், அந்த நிலத்தின் குத்தகையைப் புதுப்பிக்காமல் வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் அதிகாரி திரு. கனகரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், கோலாலம்பூரிலிருந்து வந்து முகாம் போட்டவர். கருநீலக் கால்சட்டையில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, மலைக்கல்லைச் சுட்ட சுண்ணாம்புக்கும் கடல் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்புக்கும் உள்ள வித்தியாசம். “சிப்பிச் சுண்ணாம்பைக் கரைச்சா அடியிலை வேகாத ஓட்டுத் துண்டு தங்கும், ஐசே. அதிலை வரி வரியா இருக்கும். கல்லுச் சுண்ணாம்பிலை அது வராது.” யாரையும் அவர் ‘ஐசே’ என்றுதான் கூப்பிடுவார். இரண்டாவது, அவருடைய சட்டம்.

“நான் என்ரை கண்ணாலை கண்டதைத்தான் எழுதுவன். ஆர் சொன்னாலும் எழுத மாட்டன்.”

அந்தச் சட்டம் வீம்பில் வந்ததில்லை. முன்பு வேறொரு ஊரில் மூடிக் கிடந்த ஒரு கல்லுடைக்கும் இடத்தில், அதிகாரி வருகிறார் என்று வெளியிலிருந்து கல் கொண்டுவந்து குவித்து, ஆள் பிடித்து நிறுத்தி, வேலை நடப்பதாகக் காட்டிவிட்டார்களாம். அவரும் நம்பி எழுதி, மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து யார் வாய்ச்சொல்லையும் ஏற்பதில்லை.

2. விருந்தாளி வந்தார்

காஜா பேராங்கிலிருந்து சைக்கிளில் கொஞ்ச தூரம் போனால் கடலோரத்தில் சொக்கலிங்கம் பிள்ளையின் சுண்ணாம்புக் காளவாய். பிள்ளை மலாக்காச் செட்டி. பல தலைமுறைக்கு முன்பே வந்து இங்கேயே வேர்விட்ட குடும்பம். பெயர் சொக்கலிங்கம், வீட்டு வாசலில் மாவிலை, நெற்றியில் விபூதி, பேச்சு மட்டும் மலாய். கெராங் சிப்பி ஓடுகளைப் படகுக்காரர்களிடம் வாங்கி, பாக்காவ் என்ற சதுப்புநில மரத்தின் விறகு அடுக்கிச் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றி, சலித்து, சாக்கில் கட்டி விற்பார். அங்கே வேலை செய்தவர்கள் தோட்டத்தை விட்டு வந்த நம் ஆட்கள். அந்தக் காளவாயை நம்பித்தான் அவர்கள் வீட்டில் உலை ஏறியது.

சட்டப்படி பார்வையிடப் போகுமுன் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அனுப்பினோம். குறித்த நாளில் ஜீப்பில் போய் இறங்கினால், எனக்குக் கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

வாசலில் வாழைமரம். தோரணம். தரையில் புது மணல் பரப்பி, அதில் துடைப்பக் கோடு அழகாகத் தெரிந்தது. காளவாய்ச் சுவருக்குச் சந்தன நிறத்தில் சாயம். அதன் வாயில் ஒரு பூந்தொட்டி! ஆட்கள் எல்லாம் சலவை வேட்டியும் புதுச் சேலையுமாக வரிசையில் நின்றார்கள். பிள்ளை தலைப்பா கட்டி, பாத்தேக் சாரோங்கும் வெள்ளைச் சட்டையுமாக மாலையோடு ஓடி வந்தார். மேசையில் தட்டுத் தட்டாக குவே பலகாரம். முன்னோருக்குப் பார்ச்சு படைக்கும் நாளில் அவர்கள் வீட்டில் மூலை முடுக்கெல்லாம் கழுவித் துடைப்பார்கள். அதே மரியாதையை மனிதர் அரசாங்கத்துக்கும் செய்துவிட்டார்.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். மலாயில் கேட்டார், “நெருப்பு எங்கே?”

பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டீஸ் வந்த அன்றே அணைத்துவிட்டாராம். துரையின் கண்ணில் புகை படலாமா?

“சிப்பி எங்கே?”

நாறுமே! படகுக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

“சுட்ட சுண்ணாம்பு?”

அதையும் நேற்றே லோரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. பிள்ளை இரண்டு கையையும் விரித்துக் காட்டி, “சத்து ஹாபுக் பூன் தாடா, துவான்!” என்றார். ஒரு தூசிகூடக் கிடையாது, ஐயா!

வரிசையில் கடைசியில் நின்ற அஞ்சலை அக்கா மட்டும் தலையில் அடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். சுண்ணாம்பு நீற்றும் வேலைக்கு அவர்தான் தலைவி.

அதிகாரி ஒரு குவே சாப்பிட்டார், நன்றி சொன்னார், ஜீப்பில் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்:

“வேலை செய்யிற இடம் இப்பிடியோ இருக்கும்? இது எப்பவோ செத்துப்போன காளவாய். குத்தகைக்காகச் சோடிச்சு வைச்சிருக்கினம்.”

“இல்ல சார், விருந்தாளி வர்றாங்கன்னு சுத்தம் பண்ணிட்டாங்க.”

“நீர் நெருப்பைக் கண்டனீரோ?”

நான் டவுனுக்கு வந்ததே மூன்று வாரம். அந்தப் பக்கம் போனதே இல்லை.   ஆபீஸுக்கு வந்ததும் மூன்று ‘இல்லை’யைத் தட்டினேன். அறிக்கை வெள்ளிக்கிழமை மத்தியானத் தபாலில் போக வேண்டும். அன்று செவ்வாய்க்கிழமை.

3. லோரி எங்கே போனது?

மனசு கேட்கவில்லை. சாயங்காலமே சைக்கிளை மிதித்துக்கொண்டு காளவாய்க்குப் போனேன். தோரணம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை மீந்த குவேயை ஆட்களுக்குப் பங்கு வைத்துக்கொண்டு, துரை எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று வர்ணித்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தலைப்பாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். பாட்டன் கட்டிய காளவாய். குத்தகை போனால் நிலம் மட்டுமா போகும்? 

அஞ்சலை அக்காவுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. பிள்ளைக்குத் தமிழ் முழுதாகப் புரியாது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

“நான் அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், நெருப்ப அணைக்காதீங்கன்னு! சுண்ணாம்பு வேல பாக்க வர்ற ஆளுக்குச் சுண்ணாம்பத்தானே காட்டணும்? பூந்தொட்டியக் காட்டினா?”

“நாளைக்கே மூட்ட முடியாதாக்கா?”

“எத வச்சு மூட்டறது தம்பி? படகு வந்து சிப்பி எறங்கணும், வெறகு அடுக்கணும், வெந்து ஆறணும். வெள்ளிக்கிழமைக்குள்ள நடக்கிற காரியமா?”

நடந்தாலும் பிரயோசனம் இல்லை. மறுநாள் காலை அதிகாரியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். “இனி மூட்டினா அது எனக்காக மூட்டின நெருப்பு. அது நாடகம், ஐசே,” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

உற்பத்திக் கதவு அடைபட்டாகிவிட்டது. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. பயன்பாடு என் பாகம் ஆயிற்றே! சுட்டவன் இல்லாமல் பூசுகிறவன் ஏது? காளவாயில் தூசி இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தச் சுண்ணாம்பு இந்த ஊர்ச் சுவர் எதிலோதான் ஏறியிருக்க வேண்டும். பிள்ளை துடைத்து அனுப்பிய அந்த லோரி எங்கே போனது?

புதனும் வியாழனும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. பண்டார் ஹிலிர் கடைகளில் கேட்டால் “மண்டியில வாங்கினோம்” என்றார்கள். மண்டியில் கேட்டால் கல்லுச் சுண்ணாம்பும் வருகிறது, சிப்பிச் சுண்ணாம்பும் வருகிறது, யார் கண்டது என்றார்கள். வெள்ளையடிக்கும் தொட்டிகளில் அடிக்கசடை எடுத்துப் பார்த்தேன். வரி போட்ட ஓட்டுத் துண்டு பல இடங்களில் இருந்தது. சிகரெட் டின்னில் சேர்த்துக் கொண்டுபோய் அதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

“சிப்பிச் சுண்ணாம்புதான். ஆனா இதை நீர் எங்கையிருந்து எடுத்தனீர் எண்டு நான் காணேல்லையே.”

டின்னை அப்படியே தூக்கி ஜன்னல் வழியாக எறியலாமா என்று இருந்தது. எறியவில்லை. வியாழன் மத்தியானம் ஒருவழியாக அந்த லோரிக்காரரைப் பிடித்தேன். செமாபோக்கில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கு முந்தின நாள் பிள்ளையின் சாக்குகளை எங்கே இறக்கினீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“என்னப்பா, தெரியாத மாதிரி கேக்கிற? உங்க ஆபீஸ் பின்கட்டுலதான் எறக்குனேன். கவர்மெண்டு கட்டடத்துக்கெல்லாம் வெள்ளையடிக்கிற காண்ட்ராக்டர் அங்கதான் எறக்கச் சொன்னாரு.”

நான் அங்கேயே விழுந்து விழுந்து சிரித்தேன். லோரிக்காரருடைய காப்பிக்கும் நானே காசு கொடுத்தேன்.

4. தொட்டிக்குள் ஒரு கை

இதை அதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் கதை கெட்டிருக்கும். ‘நீர் சொல்லுறீர், நான் காணேல்லை’ என்பார். அதனால் சொல்லவில்லை. ஆபீஸ் பின்கட்டில் சாக்குகளை இறக்கி வைத்திருந்த வெள்ளையடிக்கும் மேஸ்திரி கண்ணுசாமியைத் தேடிப்பிடித்தேன்.

“அண்ணே, நாளைக்கு எங்க ஆரம்பிக்கிறீங்க?”

“பின்பக்கம்தான் தம்பி.”

“முன்வாசல்ல ஆரம்பிங்கண்ணே. பெரியவர் ரூம் பக்கம். தொட்டிய வழியிலேயே வையுங்க.”

“ஏசுவாரே?”

“ஏசட்டும்.”

வெள்ளிக்கிழமை காலை. அறிக்கை உறையில் போட்டு ஒட்டி, மேசைமேல் தயாராக இருந்தது. பாதியாக வெட்டிய டிரம் ஒன்றில் கண்ணுசாமி சுண்ணாம்பைக் கரைத்து, அறை வாசலுக்கு ஒட்டினாற்போல் வைத்துவிட்டு மட்டையால் சுவரை அடித்துக்கொண்டிருந்தார். நான் டைப்ரைட்டரில் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தேன். அதில் தாள் இல்லை.

அதிகாரி வந்தார். வழியில் தொட்டி. ஒதுங்கினார், ஈரச் சுவரில் உரசினார். கருநீலக் கால்சட்டையில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு வெள்ளைப் பட்டை.

“என்ன ஐசே இது! கண் தெரியேல்லையே?”

“மன்னிச்சிருங்க சார்,” என்று கண்ணுசாமி பதறினார்.

அதிகாரி குனிந்து தட்டிவிடப் போனார். கை நின்றது. நகத்தால் எதையோ கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.  சட்டைக் கையை மடித்தார். டிரம்முக்குள் முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் வெள்ளைக் குழம்பு வழிய, நடுவில் வரி வரியாக ஓட்டுத் துண்டுகள். 

“சுப்பையா! இஞ்சை வாரும். இது எங்கத்தைச் சுண்ணாம்பு?”

“நான் சொன்னா நீங்க எழுத மாட்டீங்க சார்.”

ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு கண்ணுசாமியைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார்.

“பிள்ளை காளவாய்ச் சுண்ணாம்பு சார். கவர்மெண்டு கட்டடத்துக்கெல்லாம் எந்த வருசமும் அதான். இந்தத் தடவை கேட்டதுக்கு மேலேயே கொண்டாந்து கொட்டிட்டாங்க. யாரோ பெரியவர் பாக்க வர்றாராம், எடத்துல தூசி இருக்கக்கூடாதாம்.”

“எந்தப் பெரியவர்?”

“அது தெரியல சார். யாரோ மண்ணு கணக்கெடுக்கிறவராம்.”

கேட்பவர் யாரென்றே தெரியாமல் சொன்னது நாடகமாக இருக்க முடியாது. அதிகாரி தன் கையைப் பார்த்தார். கால்சட்டையைப் பார்த்தார். பாதி வெளுத்த தன் ஆபீஸ் சுவரைப் பார்த்தார். அவர் வருகிறார் என்று அவர் கண்ணில் படாமல் ஒளித்த சுண்ணாம்பு, அவருடைய சுவரிலேயே ஏறி அவருடைய தொடையிலேயே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது! சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“கண்டன், ஐசே! இப்ப கண்டன்!” என்றார். “மத்தியானத் தபாலை விடும். பின்னேரத் தபாலிலை போகலாம். ஜீப்பை எடுக்கச் சொல்லும்.”

ஒரு தொட்டியோடு விடுகிற ஆள் இல்லை அவர். செமாபோக் பள்ளிக்கூடம், பண்டார் ஹிலிர் கச்சேரிக் கட்டடங்கள், பத்து பெரெண்டாம் விமானத் திடலின் கட்டடம் என்று எங்கெல்லாம் அந்தக் காண்ட்ராக்டரின் ஏணி நின்றதோ அங்கெல்லாம் இறங்கினார். வாத்தியார்களும் கிராணிகளும் வாயைப் பிளந்து பார்க்க, ஒவ்வொரு தொட்டியிலும் கையை விட்டார். ஒவ்வொன்றிலும் ஓட்டுத் துண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்து, “கண்டன்” என்றார். பின்னால் நின்ற எனக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அரசாங்க வேலை ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அவர் கை தோல் உரிந்து சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே புதுப் பக்கம் சொன்னார், நான் தட்டினேன். உற்பத்தி: உண்டு. அரசாங்கக் கட்டடங்களுக்குத் தொடர்ந்து வழங்கப்படுகிறது. குத்தகை நீடிக்கப் பரிந்துரை. பழைய பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார். அவ்வளவு ஆனந்தமாக நான் எந்தத் தாளையும் கிழித்ததில்லை.

5. நோட்டீஸ் இல்லாமல்

குத்தகை புதுப்பிக்கப்பட்டது. நில ஆபீஸிலிருந்து உத்தரவு வந்த அன்று அதிகாரி தானே போய்ப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்றார். “நோட்டீஸ் அனுப்பட்டுமா சார்?” என்று கேட்டேன். பேனாவை என்மேல் எறிவது போல ஓங்கினார்.

தூரத்திலேயே புகை தெரிந்தது. பூந்தொட்டியைக் காணோம். கரையில் படகிலிருந்து சிப்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள், நாற்றம் குடலைப் பிடுங்கியது. எங்களைக் கண்டதும் பிள்ளை பதறிப்போனார். மேலே சட்டை இல்லை, தலை முடியெல்லாம் சாம்பல். நாற்காலியைத் துடைக்கத் துணி தேடி ஓடியவரை அதிகாரி கையைப் பிடித்து நிறுத்தி, விஷயத்தைச் சொன்னார். பிள்ளை அந்தக் கையை விடவே இல்லை.  என் கண் கலங்கியது. புகைதான் காரணம் என்று அப்போது சொல்லி வைத்தேன். புகை காற்றில் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனால் கட்டாயம் நோட்டீஸ் இல்லாமல் இன்னொரு தடவையும் போக வேண்டும் என்று ஆயிற்று. அவர் எழுதி வாங்கிய மாற்றம் அது. நான் கற்றுக்கொண்டதும் அதுதான், இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதுதான். ஓர் இடம் உங்களை மாலை போட்டு வரவேற்றால் அங்கே எதையும் எழுதிவிடாதீர்கள். அங்கே செய்த பொருள் யார் கையில், எந்தச் சுவரில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். சுதந்திர நாளில் ஊரே பளிச்சென்று நின்றபோது, அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் நிரூபித்தவர்கள் நாங்கள் என்று எனக்குக் கர்வமாகவே இருந்தது. இன்றும் இருக்கிறது.

அன்று காளவாயில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அதிகாரி சூளையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று முன்னால் போனார். அங்கே அஞ்சலை அக்கா சுட்ட சிப்பிக் குவியலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். புஸ்ஸென்று ஆவி கிளம்பி, பொரிந்து, நாலு பக்கமும் தூள் பறந்தது. துரை வருகிறார் என்று ஆட்கள் எல்லோரும் கைவேலையை விட்டு எழுந்து நின்றுவிட்டார்கள். அக்கா மட்டும் நிமிரவே இல்லை.

“தள்ளி நில்லுங்க தொரை,” என்றார். “வேல நடக்குது.”

அதிகாரி உடனே தள்ளி நின்றார்.